சிவப்புப் பெட்டி தீர்ந்துவிட்டது

எங்கள் நிறுவனத்தில் ஒரு வாக்கியம் சும்மா நிற்க முடியாது. அதற்கு ஒரு பெட்டி வேண்டும். பெட்டிக்கு நிறம் வேண்டும், நிறத்துக்கு அனுமதி வேண்டும், அனுமதிக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு பிஸ்கட் வேண்டும். இத்தனைக்கும் நாங்கள் பெட்டி செய்கிறவர்கள் இல்லை. லிஃப்ட் செய்கிறவர்கள்.

நான் பத்தொன்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். முழங்கால் தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனதும், அனுபவசாலி என்று சொல்லி என்னை ஆவணப் பிரிவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மெக்கானிக்குகள் பார்த்து வேலை செய்கிற கையேடு முன்பெல்லாம் தலையணை மாதிரிப் புத்தகமாக இருந்தது. இப்போது அது இணையதளம். செல்போனில் திறந்து படித்துக்கொண்டே வேலை பார்க்கலாம். அதை எழுதுவது என் வேலை.

எழுதுகிற முறையும் சுலபம்தான். மார்க்டவுன் என்று பேர். சாதாரணமாக அடித்துக்கொண்டே போக வேண்டியது. வரிக்கு முன்னால் # என்று ஒரு வேலிக்குறி போட்டால் தலைப்பு ஆகும், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் எழுத்து தடிக்கும். எழுதிக் கொடுத்ததை ஜெனரேட்டர் இணையப் பக்கமாக மாற்றி ஏற்றிவிடும். முதல் நாள் ஜெனரேட்டர் என்றதும் டீசல் எங்கே ஊற்றுவது என்று நான் கேட்டதை இன்றுவரை கேன்டீனில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இது புகையே வராத ஜெனரேட்டர் என்று நானும் நம்பித்தான் இருந்தேன்.

வினை அதன் கூடுதல் வசதிகளில் வந்தது. மூன்று முக்காற்புள்ளி போட்டு, பக்கத்தில் வகையின் பேரை எழுதி, கீழே வாக்கியத்தை எழுதி, மறுபடி மூன்று முக்காற்புள்ளி போட்டு மூடினால், வாக்கியம் ஒரு வண்ணப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குறிப்புக்கு நீலம், யோசனைக்குப் பச்சை, எச்சரிக்கைக்கு மஞ்சள், அபாயத்துக்குச் சிவப்பு. மடித்து வைக்கிற பெட்டி உண்டு, தொட்டால்தான் திறக்கும். ஒரே இடத்தில் மூன்று நான்கு பக்கங்களை அடுக்கி வைக்கிற தாவல்கள் உண்டு. எந்தப் புண்ணியவானோ படிக்கிறவனுக்கு உதவட்டும் என்று செய்து வைத்தது. அது எங்கள் ஆட்கள் கையில் கிடைத்தது. குரங்கு கையில் பூமாலை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மைத்துனன் போன் செய்தான். என் மனைவியின் தம்பி. இதே நிறுவனத்தில் மெக்கானிக். நான்தான் சேர்த்துவிட்டேன்.

"மாமா, புது மாடல்ல ஒரு வில்லங்கம் இருக்கு."

"என்னடா?"

"மெயின ஆஃப் பண்ணிட்டு, கயிறு ஓடற சக்கரத்தத் துடைக்கக் கைய வெச்சேன். பத்து செகண்டு இருக்கும். அதுவா சுத்துது மாமா! கிளவ்ஸ அப்படியே இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. நல்லவேளை, கைய உருவிக்கிட்டேன்."

எனக்கு உடனே புரிந்தது. புது மாடலில் ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் போனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களை மெதுவாக அடுத்த மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் மெக்கானிக் மெயினை அணைத்தாலும் அந்த இயந்திரம் கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைக்கும். உள்ளே யாரும் இல்லாவிட்டாலும் காப்பாற்றக் கிளம்பிவிடும். பேட்டரிக்குத் தனி சுவிட்ச் ஒரு சாம்பல் மூடிக்கு அடியில் இருக்கிறது. அதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வார்த்தை கிடையாது.

"தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சுடா. இன்னைக்கே எழுதிப் போட்டுடறேன்."

"சீக்கிரம் போடுங்க மாமா. அம்பது பேரு இந்த மாடலத் தொடறாங்க. போனப் பாத்துப் பாத்துத்தான் தொடறாங்க."

எழுதினேன். 'மெயினோடு பேட்டரி சுவிட்சையும் அணைக்காமல் சக்கரத்தில் கை வைக்காதீர்கள். அது தானாகச் சுற்றும்.' மூன்று நிமிட வேலை. சரிபார்ப்புக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. மேலே ஒரு குறிப்பு: 'நிர்வாண வாக்கியம். பெட்டி இல்லை. விதி பதினான்கின்படி நிராகரிக்கப்படுகிறது.'

ஜெனரேட்டரைப் பராமரிக்கிறவரிடம் ஓடினேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பேர் முக்காப்புள்ளி. நல்ல மனிதர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்.

"சார், இது என்ன நிர்வாணம்?"

"முக்கியமான விஷயம் எதுவும் பெட்டி இல்லாம வெளிய வரக் கூடாது சார். ரூல் அப்படி. முக்கியமில்லாததுன்னு எழுதிக் குடுங்க, அப்படியே ஏத்திடறேன்."

"முக்கியமில்லைன்னா எதுக்கு ஏத்தணும்?"

"அதான் சார் ரூலோட அழகு."

சரி, அபாயம்தானே, சிவப்புப் பெட்டி போடுங்கள் என்றேன். அவர் முகம் மாறியது. சிவப்பு தன் கையில் இல்லை என்றும், அதற்கு வண்ண அதிகாரி அம்மாவைத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

வண்ண அதிகாரி அம்மாவின் மேசையில் நான்கு நிறத்தில் நான்கு பேனா இருந்தன. சிவப்புப் பேனாவுக்கு மட்டும் பூட்டு போட்ட டப்பா. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"சிவப்பு வருஷத்துக்கு நாலுதான் சார். இந்த வருஷத்துது தீந்துடுச்சு. அடுத்த வருஷம் வாங்க."

"நாலும் எங்க போச்சும்மா?"

பட்டியலைக் காட்டினார். முதல் அபாயம்: நிறுவனத்தின் முத்திரையை அகலவாக்கில் இழுத்து நீட்டக் கூடாது. இரண்டாவது அபாயம்: நிறுவனத்தின் பெயரைச் சாய்வெழுத்தில் எழுதக் கூடாது. மூன்றாவது: தலைவரின் புகைப்படத்தின் மேல் எழுத்து படக் கூடாது. நான்காவது: சிவப்புப் பெட்டிகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தக் கூடாது.

"ஒண்ண எடுத்துட்டு இத வைக்கலாமே?"

"எத எடுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "முத்திரைய இழுத்துட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது சார்."

வீட்டில் மனைவி தினமும் ஒரே கேள்விதான் கேட்டாள். அவள் தையல் கடையில் வேலை பார்க்கிறாள். பேச்சிலும் கத்தரிக்கோல் வைத்திருப்பவள்.

"போட்டாச்சா?"

"பெட்டி கெடைக்கல."

"ஊசிக்குக் கீழ விரல வைக்காதேன்னு சொல்றதுக்கு எங்க கடையில நாங்க கூட்டம் போடறதில்ல. கையத் தட்டி விடுவோம். நீங்க என்னடான்னா பெட்டி, பெட்டின்னுகிட்டு. என் தம்பியப் பெட்டியில வெச்சு அனுப்பினாத்தான் உங்க ஆபீசுக்கு உறைக்குமா?"

சாப்பாட்டை முடித்துவிட்டு மைத்துனனைக் கூப்பிட்டேன்.

கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மைத்துனனும் நானும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னோம். ஐம்பது பேரில் பதினேழு பேரின் நம்பர்தான் எங்களிடம் இருந்தது. எல்லாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அங்கீகாரம் இல்லாத ஆவணம் என்று சொல்லி அதைப் போன வருடமே கலைக்க வைத்தார் எங்கள் ஆவணப் பிரிவின் தலைவர். மீதி முப்பத்து மூன்று பேர் வேறு வேறு கிளைகளில் அந்தச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிக் குழு மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை கூடும். அதில் நான்கு பேர். ஆவணப் பிரிவின் தலைவர், வண்ண அதிகாரி அம்மா, சட்டப் பிரிவிலிருந்து ஒருவர், முக்காப்புள்ளி. நீள மேசை, ஜன்னல் திறக்காத அறை, சுவரில் பெரிய திரை. திரையில் என் வாக்கியம். நாலாள் உயரத்துக்கு அதைப் பார்த்தபோது, சாமி வரம் கொடுத்துவிடும் போலிருக்கிறதே என்று ஒரு நிமிடம் நம்பினேன். பூசாரிகளை மறந்துவிட்டேன்.

தலைவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"நண்பர்களே, நம்ம கையேடு வெறும் கையேடு இல்ல. அது ஒரு அனுபவம். நம்ம பக்கத்தத் திறக்கறவருக்கு மனசு லேசாகணும். அங்க வந்து 'கை வைக்காதீங்க, சுத்தும்'னு கத்தினா எப்படி? நல்லா யோசிச்சுப் பாருங்க. கை போனா அது ஒரு ஆளோட பிரச்சினை. பக்கம் அசிங்கமா இருந்தா அது பாக்கற எல்லாரோட பிரச்சினை. நாம எப்பவும் பெரும்பான்மையத்தான் நெனைக்கணும்."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். சட்டக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னொரு கோணமும் இருக்கு. அபாயம்னு நாமளே எழுதினா, நம்ம லிஃப்ட்ல அபாயம் இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. எழுதலன்னா அது நமக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு நம்மள யாரும் கேக்க முடியாது."

"ஆனா தெரியுமே சார். நான் சொல்லிட்டேனே?" என்றேன்.

"நீங்க சொன்னது இன்னும் குறிப்புல ஏறல."

கடைசியில் தலைவர் பெரிய மனசு பண்ணினார். வாக்கியத்தை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம், பச்சைப் பெட்டியில் ஒரு யோசனையாக வைக்கலாம், ஆனால் மங்களமாக இருக்க வேண்டும் என்றார். அரைமணி நேரம் கூடி எழுதினார்கள். 'பேட்டரி சுவிட்சையும் அணைத்துப் பாருங்களேன்! உங்கள் கை என்றென்றும் உங்களுடனே!'

பக்கத்தில் ஒரு சின்னப் படம் வைக்கலாம் என்றார் வண்ண அதிகாரி அம்மா. இரண்டு முக்காற்புள்ளிக்கு நடுவில் பேரை எழுதினால் ஜெனரேட்டர் அதைப் படமாக்கிவிடுமாம். விரித்த உள்ளங்கைப் படம் திரையில் வந்தது.

"அஞ்சு விரல் தெரியுது," என்றார் சட்டக்காரர். "அஞ்சுக்கும் நாம உத்தரவாதம் குடுத்த மாதிரி ஆயிடும்."

மூடிய கை வைத்தார்கள். மிரட்டுவது மாதிரி இருக்கிறது என்றார் அம்மா. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு கட்டைவிரல் மட்டும் தூக்கிய படம் ஏகமனதாகத் தேர்வானது. ஒரு விரலுக்கு மேல் நிறுவனம் பொறுப்பேற்காது என்பது குறிப்பில் ஏறியது. நான் என் பத்து விரலையும் மேசைக்கு அடியில் எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

"பச்சையா இருந்தாலும் விரிஞ்சு கெடந்தா கண்ண உறுத்துதே," என்றார் தலைவர். உடனே அதை மடிப்புப் பெட்டியாக்கினார்கள். 'இன்னும் சில சுவையான தகவல்கள்' என்று தலைப்பு. அப்புறம், வாங்குகிறவர் கண்ணில் பட்டால் என்ன ஆவது என்று யாரோ கேட்டார்கள். உடனே மூன்று தாவல்கள் வந்தன: வாங்குபவர், கட்டட உரிமையாளர், மற்றவர்கள். மெக்கானிக்குகள் மற்றவர்களில் இருந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, கட்டெறும்பும் மூன்றாவது தாவலுக்குள் மடித்து வைக்கப்பட்டது.

"சார், மெக்கானிக் மெஷின் ரூம்ல நின்னுக்கிட்டு, கை முழுக்க கிரீஸோட இத்தனையையும் தொட்டுத் திறக்க மாட்டான்," என்றேன்.

"அதுக்குத்தான் பயனர் சோதனை வெச்சிருக்கோம்," என்றார் தலைவர்.

பயனர் சோதனை மறுநாள் அதே அறையில் நடந்தது. சுவரில் ஓர் அட்டைப் படம் மாட்டியிருந்தார்கள். வெள்ளைக் கையுறை, புது ஹெல்மெட், சிரித்த முகம். அவர்தான் மாதிரி மெக்கானிக். அவர் சார்பில் முக்காப்புள்ளி போனைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். பக்கம் திறந்ததும் முதலில் தலைவரின் செய்தி வந்தது. தளத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் அதுதான் வரும். ஒரே கோப்பை எல்லாப் பக்கத்தின் தலையிலும் சேர்த்துக்கொள்கிற வசதியும் ஜெனரேட்டரில் உண்டு. எங்கள் தலைவர் அதை அப்படிப் பயன்படுத்தியிருந்தார். முக்காப்புள்ளி பழக்கப்பட்ட கட்டைவிரலால் செய்தியை மேலே தள்ளிவிட்டு, மடிப்பைத் திறந்து, மூன்றாவது தாவலைத் தொட்டு, சௌகரியமாக இருக்கிறது என்றார்.

"நான் பத்தொம்பது வருஷம் மெக்கானிக். என்னையக் கேளுங்க சார்," என்றேன்.

"நீங்க இப்ப எழுத்தர் பதவியில இருக்கீங்க. மெக்கானிக்கா கருத்து சொன்னா அது விதிமீறல்," என்றார் சட்டக்காரர். அட்டைப்படம் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்ததாக எழுதிக்கொண்டார்கள்.

பக்கம் ஏறியது. மடிப்புக்குள் தாவல், தாவலுக்குள் பச்சைப் பெட்டி. திறந்தது மூன்று. மூடவும் மூன்று வேண்டும். முக்காப்புள்ளி இரண்டைத்தான் மூடினார். வெளி மடிப்பை மூடுகிற முக்காற்புள்ளிகளைப் போடவில்லை. மூடாத பெட்டி என்ன செய்யும்? கீழே இருக்கிறதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். புது மாடலின் பராமரிப்புப் பக்கம் முழுவதும், கயிறு, பிரேக், கதவு, எண்ணெய், அறுபத்திரண்டு படிகளும், அந்த ஒரு மடிப்புக்குள் போய்விட்டன. பக்கத்தைத் திறந்தால் மேலே தலைவரின் செய்தி, கீழே ஒரே ஒரு வரி: 'இன்னும் சில சுவையான தகவல்கள்'. அவ்வளவுதான். வேலை நடுவில் எந்த மெக்கானிக் சுவையான தகவல் தேடப் போகிறான்?

தலைவர் அறைக்கு ஓடினேன். அதற்குள் அவரே எல்லாருக்கும் கடிதம் அனுப்பியிருந்தார்: 'இதுதான் நான் கனவு கண்ட பக்கம். எவ்வளவு சுத்தம்! எவ்வளவு அமைதி! எங்கேயும் ஓர் எழுத்துகூட உறுத்தவில்லை. மற்றப் பக்கங்களும் இதே உயரத்தை எட்ட வேண்டும்.' முக்காப்புள்ளிக்குப் 'பெட்டிச் செம்மல்' என்று ஒரு சான்றிதழ் வேறு.

"சார், பக்கம் காலியா இருக்கு," என்றேன்.

"காலி இல்ல. நிறைவா மடிச்சிருக்கு. உங்களுக்குப் பழைய கண்ணு. பழகிடும்."

முக்காப்புள்ளியைத் தனியாகப் பிடித்தேன். "ஒரு மூடல் போட மறந்துட்டீங்க சார். போட்டுடுங்க."

சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியும் சார். அன்னைக்கே தெரியும். ஆனா பாராட்டு வந்த பக்கத்த எப்படித் திருத்தறது? திருத்தினா தப்பு இருந்துச்சுன்னு ஆயிடும்ல?"

பக்கம் ஏறிய பன்னிரண்டாவது நாள் மதியம் மைத்துனன் போன் செய்தான். குரலே சரியில்லை.

"மாமா, உயரம் கைய விட்டுட்டான்."

உயரம் என்பது எங்கள் ஆட்களில் ஒருவனுக்குப் பட்டப்பேர். ஆறடி இரண்டு அங்குலம். வேறு கிளை. அந்தப் பதினேழு பேரில் இல்லாதவன். போனில் பக்கத்தைத் திறந்திருக்கிறான். ஒன்றும் இல்லை. சரி, தெரிந்த வேலைதானே என்று மெயினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைத் துடைத்திருக்கிறான். நடுவிரலும் மோதிர விரலும் முறிந்து, ஒன்றின் நுனி போய்விட்டது. மெயினை அணைத்ததும் இயந்திரம் யாரையோ காப்பாற்றக் கிளம்பியிருந்தது.

"ஆஸ்பத்திரியில அவன் கூடத்தான் இருக்கேன். பக்கத்துல எதுவும் இல்லையேன்னு அழறான் மாமா. போனத் திரும்பத் திரும்பக் காட்டறான். நீங்க போடறேன்னீங்களே."

எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டும்தான். நாற்பத்தெட்டு நாள் நான் படிவம் நிரப்பியிருக்கிறேன். பச்சையா மஞ்சளா என்று வாதாடியிருக்கிறேன். கட்டைவிரலுக்குக் கைதூக்கியிருக்கிறேன். ஏகமனதாக என்றால் அதில் என் கையும் உண்டு.

அன்று மாலை ஆபீசில் ஓர் அறிவிப்பு வந்தது. 'களப்பணியில் ஒரு சிறு அசௌகரியம்.' நீலப் பெட்டியில் போட்டிருந்தார்கள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் பெட்டிச் சோதனை நடக்கும். ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் சோதனை கிடையாது. தலைவரின் செய்திதான் அது. அதை யார் மாற்றினாலும் அனுமதி தானாகவே கிடைத்துவிடும். மாதம் ஒரு முறை தன் புகைப்படத்தை மாற்றச் சிரமமாக இருக்கிறது என்று அவரே செய்துகொண்ட ஏற்பாடு.

அந்தக் கோப்பைத் திறந்தேன். செய்தி முழுவதையும் அழித்தேன். அந்த இடத்தில் முதலில் எழுதியதையே எழுதினேன். பெட்டி இல்லை, நிறம் இல்லை, மடிப்பு இல்லை. முன்னால் ஒரு வேலிக்குறி மட்டும் போட்டேன், பெரிய தலைப்பாக வரட்டும் என்று. மாற்றத்துக்குக் காரணம் கேட்டது. 'படிக்கிறவன் கை போகாமல் இருக்க' என்று அடித்தேன். கீழே என் பேர், பதவி. ஒளிந்துகொண்டு செய்கிற வேலையா இது?

ஜெனரேட்டர் இரண்டு நிமிடம் ஓடியது. முந்நூற்று நாற்பது பக்கங்களின் தலையிலும் அந்த வரி போய் நின்றது. லிஃப்ட் கதவைத் துடைப்பது எப்படி என்ற பக்கத்தில்கூட நின்றது. நிற்கட்டுமே.

கால்மணியில் போன் வந்தது. "மாமா, வந்துடுச்சு! எதத் திறந்தாலும் மொதல்ல அதான் வருது!" அடுத்த ஒரு மணி நேரத்தில் பேர் தெரியாத ஒன்பது பேர் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டு, அந்தச் சாம்பல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார்கள். சொன்னேன்.

வீட்டில் மனைவி கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். "போட்டாச்சு."

"அனுமதி?"

"கேக்கல."

"இத மொத நாளே பண்ணியிருக்கலாம்ல?" என்றாள்.

ஆபீசில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. தலைவரின் செய்தி தளத்தில் இல்லை என்பது அவர் பிரிவில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. இருபத்தாறாம் நாள் தலைவர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போனார். அங்கே கட்டடம் கட்டுகிற பெரிய மனிதர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். "எத்தனையோ கம்பெனி சைட்டப் பாத்திருக்கேன் சார். தலைவர் செய்தின்னு உருப்படியா ஒண்ணு எழுதினது நீங்க ஒருத்தர்தான்."

தலைவர் சந்தோஷமாகத் திரும்பி வந்து, அப்படி என்னதான் எழுதினோம் என்று பார்த்திருக்கிறார்.

விசாரணைக்கு அதே அறை, அதே நால்வர். நான் மேசையின் இந்தக் கோடியில். அன்றைக்கு பிஸ்கட் இல்லை.

"என் செய்திய அழிச்சிருக்கீங்க," என்றார் தலைவர். நின்றுகொண்டுதான்.

"ஆமா சார்."

"எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? அதுல என்ன இருந்துச்சுன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது சார். உங்களுக்கு?"

அவர் வண்ண அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா மேசையைப் பார்த்தார்.

"அது... ஒரு பயணம் பத்தி," என்றார் தலைவர். "அது இல்ல இப்ப விஷயம். ஒரு நிறுவனத்துல எல்லாரும் நியாயத்துக்காக விதிய மீற ஆரம்பிச்சா, அப்பறம் விதிக்கு என்ன மரியாதை? அந்த மெக்கானிக்குக்கு அடிபட்டதுல எனக்கும் வருத்தம்தான். ஆனா அவர் விதிப்படி அடிபட்டவர். நீங்க விதிய மீறிக் காப்பாத்தறீங்க. ரெண்டும் ஒண்ணா?"

"இல்ல சார். ஒண்ணு இல்ல."

"புரிஞ்சா சரி. இப்பவே, எங்க முன்னாடியே, அந்த வரிய எடுத்துட்டு என் செய்தியப் பழையபடி வைங்க."

"மாட்டேன் சார்."

அந்த அறையில் அந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்கள். முக்காப்புள்ளிக்கு இருமல் வந்துவிட்டது.

"வேலைய விட்டுத் தூக்கிடுவேன்."

"தூக்குங்க. ஆனா அந்த வரிய நான் எடுக்க மாட்டேன். எடுக்கறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல சார். இதோ, திறந்து வெச்சிருக்கேன்." மடிக்கணினியை மேசையின் நடுவுக்குத் தள்ளினேன். "இந்த விசைய அமுக்கினா வரி போயிடும். யார் அமுக்கறாங்களோ அவங்க பேரு, தேதி, நேரம் எல்லாம் பதிவாகும். அதை ஒருத்தராலயும் அழிக்க முடியாது. நாளைக்கு இன்னொருத்தன் கை போச்சுன்னா, அந்த வரிய எடுத்தது யாருன்னு பாப்பாங்க. என் பேரு அங்க இருக்காது. யாரு பேரு இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

தலைவர் சட்டக்காரரைப் பார்த்தார்.

"நான் ஆலோசனை சொல்றதோட சரி," என்றார் சட்டக்காரர். "இயக்கறது என் துறை இல்ல." நாற்காலியையும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

கணினி வண்ண அதிகாரி அம்மாவிடம் போனது. "எனக்கு நிறத்துலதான் சார் அதிகாரம். இதுல நிறமே இல்லையே," என்று அதை அப்படியே நகர்த்தினார்.

முக்காப்புள்ளி அதைத் தொடவே இல்லை. "நீங்க எழுத்துல உத்தரவு குடுங்க சார். உங்க கையெழுத்தோட. உடனே அமுக்கறேன்," என்றார். அவர் வாழ்நாளில் தலையாட்டாமல் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

கணினி ஒரு சுற்று சுற்றித் தலைவர் முன்னால் வந்து நின்றது. அவர் முதல்முறையாக உட்கார்ந்தார். திரையில் அந்த வரியை ஒருமுறை படித்தார். உதடு அசைந்தது. ஆள்காட்டி விரலை விசைக்கு மேலே கொண்டுபோனார். நாங்கள் நால்வரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விரலை எடுத்துக்கொண்டார். கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இந்த விஷயத்த அடுத்த கூட்டத்துல விவாதிப்போம்," என்றார். குறிப்பில் ஏற்றிக்கொள்ள யாரும் பேனாவை எடுக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"சார், ஒரு நிமிஷம்," என்றேன். "பிரேக் பத்தியும் ஒரு வரி இருக்கு. என் மைத்துனன் நேத்துதான் சொன்னான். அதையும் உங்க செய்தியிலயே சேத்துடறேன்."

தலைவர் திரும்பிப் பார்க்காமல் கதவை நோக்கி நடந்தார். நான் கணினியை என் பக்கம் இழுத்து எழுத ஆரம்பித்தேன்.